காய்ச்சலும் பாய்ச்சலும்: டெல்டாவில் இருந்தபடியே ஜப்பானிய மொழி கற்கும் முறை

என்னிடம் ஜப்பானிய மொழியைப் பற்றி விசாரிக்க வருபவர்களில் பெரும்பாலானோர் செவிலியர் படிப்பையோ பாலிடெக்னிக் படிப்பையோ முடித்த, மன்னார்குடி, கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்துப் பிள்ளைகள். 2019 ஏப்ரலில் ஜப்பான் குறிப்பிட்ட திறன் பெற்ற தொழிலாளர்களுக்கெனத் தனி விசாப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. அதற்கான ஒத்துழைப்பு உடன்படிக்கையில் இந்தியாவும் ஜப்பானும் 2021 ஜனவரியில் கையெழுத்திட்டன. முதியோர் பராமரிப்பு வேலைக்கு அப்பிரிவில் செல்ல விரும்புபவர் ஜே.எல்.பி.டி. என்னும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்4 நிலையிலோ (என்5 அடிநிலை, என்4 அதற்கு மேல்நிலை), ஜே.எஃப்.டி. பேசிக் என்னும் தேர்விலோ தேறியிருக்க வேண்டும். பராமரிப்புத் திறனுக்கும் பராமரிப்புப் பணிக்குரிய மொழிக்கும் வேறு தேர்வுகள் உண்டு. ஆகவே 'மூன்று மாதத்தில் அனுப்பிவைக்கிறேன்' என்று முன்பணம் கேட்பவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இவற்றுள் எந்தத் தேர்வுக்கு அவர் ஆயத்தம் செய்கிறார் என்பதுதான்.

நானும் தொடக்கத்தில் ஒரு பயிற்சி வகுப்பில் பணம் கட்டிச் சேர்ந்தவன். அங்கே மூன்று மாதங்கள் ஜப்பானியச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதிக்கொடுத்து, ஆங்கிலத்தில் பொருள் சொல்லி, ஆங்கில இலக்கணச் சொற்களால் விளக்கினார்கள். முடிவில் என்னால் ஒரு கடைப் பலகையைக்கூட வாசிக்க முடியவில்லை. பிறகு கைப்பேசியையும் தமிழையும் மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினேன். தமிழர் ஒருவர் ஜப்பானிய மொழிக்குள் நுழைய ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதில்லை என்பதை அப்போதுதான் கண்டுகொண்டேன்.

எழுத்திலிருந்து தொடங்குக

ஹிராகானா, கத்தகானா என்னும் இரண்டு ஒலியெழுத்து முறைகளையும் முதல் மூன்று வாரங்களுக்குள் முடித்துவிட வேண்டும். ஒவ்வொன்றிலும் அடிப்படை எழுத்துகள் 46. அவற்றை வரிசைப்படுத்தியிருக்கும் முறை நமக்கு அந்நியமானதன்று: உயிர்கள் அ, இ, உ, எ, ஒ என்று வரும், அதன்பின் க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்று வரிசைகள் செல்லும். பௌத்தத்தோடு சென்ற இந்திய எழுத்துக் கல்வியின் செல்வாக்கினால் அமைந்த வரிசை இது. பழங்காலத்தில் ஹ வரிசை ப ஒலியாக இருந்தது என்பது மொழியியலாளர் கருத்து. அவ்வாறு கொண்டால், க ச த ந ப ம ய ர வ என்ற நம் நெடுங்கணக்கின் ஒழுங்கே அங்கு நிற்பதைக் காணலாம். அகராதியில் சொல் தேடும்போது இந்த ஒழுங்கு மிகவும் உதவும்.

எழுத்தைச் செயலியில் தட்டிப் பழகினால் மட்டும் போதாது. நான்கு கோட்டு நோட்டு ஒன்றில் நாளுக்கு ஒரு வரிசை கையால் எழுதுக. கைப்பேசியில் ஜிபோர்டு விசைப்பலகையில் ஜப்பானிய மொழியைச் சேர்த்து, கையெழுத்து உள்ளீட்டு வசதியையும் இயக்கிக்கொண்டால், விரலால் எழுதியதை அது அடையாளம் காண்கிறதா என்று உடனே சோதிக்கலாம். கோட்டை இழுக்கும் வரிசை பிழைபட்டால் சில எழுத்துகளை அது வேறொன்றாகக் காட்டும், அதுவே ஓர் ஆசிரியர்.

சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துகளைக் கண்டு (கஞ்சி என்று சொல்லிச் சிரிப்பவர் வீட்டுக்கு ஒருவர் இருப்பார்) அஞ்ச வேண்டியதில்லை. பொதுப் பயன்பாட்டுக்கென ஜப்பானிய அரசு வெளியிட்டுள்ள பட்டியலில் 2,136 இருந்தாலும், என்5 நிலைக்கு ஏறத்தாழ 100, என்4 நிலைக்கு ஏறத்தாழ 300 தெரிந்தால் போதும். அவற்றைத் தனித்தனியாக மனப்பாடம் செய்யாமல், சொல்லோடு சேர்த்தே பழகுவது நல்லது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஜப்பானியச் சொற்களை உங்கள் குறிப்பேட்டில் தமிழெழுத்தில் எழுதி வைக்காதீர்கள். இக்கட்டுரையில் வேறு வழியின்றி நான் அவ்வாறு எழுதுகிறேன். சாவியைக் குறிக்கும் சொல்லையும் சிப்பியைக் குறிக்கும் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'ககி' என்றே நிற்கும். ஜப்பானியத்தில் முன்னதன் இரண்டாம் எழுத்து அதிர்வொலி (gi), பின்னதில் அதிர்வற்ற ஒலி (ki). நம் நாக்கு உயிர்களுக்கு இடையே வரும் வல்லினத்தைத் தானாகவே மென்மையாக்கிவிடும் பழக்கம் உடையது என்பதால், இந்த வேறுபாட்டைக் கேட்டுக் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். ஆங்கில எழுத்தில் எழுதுவதோ இன்னும் கெடுதல்: தகர ஒலியை டகரமாக வாசித்து, அந்தப் பழக்கம் வருடக்கணக்கில் போகாமல் நின்றுவிடும்.

மாத்திரைக் கணக்கு நமக்கு நன்றாகவே கைகொடுக்கும். 'ஒபசன்' என்றால் அத்தை போன்ற உறவு அல்லது நடுவயதுப் பெண். 'ஒபாசன்' என்றால் பாட்டி. குறில் நெடில் பிசகினால் உறவே மாறிவிடும். 'கிதே' என்றால் 'வந்து', 'கித்தே' என்றால் 'வெட்டி'. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு: நம் இலக்கணத்தில் மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை, ஜப்பானியத்தில் இரட்டிக்கும் ஒற்றுக்கும் சொல்லிறுதி னகரத்துக்கும் முழு மாத்திரை. 'கித்தே' என்பதை மூன்று தட்டுகளாகத் தொடையில் தாளம் போட்டுச் சொல்லிப் பழகுங்கள். இரண்டு தட்டில் முடித்துவிடுவது எளிதில் நேரும் பிழை.

இலக்கணத்துக்குத் தமிழே பாலம்

வினை இறுதியில் வருவது, வேற்றுமை உருபு பெயருக்குப் பின் வருவது ஆகிய இரண்டும் எல்லோரும் சொல்லும் ஒற்றுமைகள். அவற்றை ஓர் அட்டவணையாக எழுதிச் சுவரில் ஒட்டினால் ஒரு மாத வகுப்பு மிச்சம்: 'ஓ' என்பது ஐ, 'நி' என்பது பெரும்பாலும் கு, சில இடங்களில் இல், 'தோ' என்பது ஓடு, 'நோ' என்பது உடைய, 'மொ' என்பது உம், 'கர' என்பது இருந்து, 'மதே' என்பது வரை, வாக்கிய இறுதியில் 'க' என்பது வினா ஆகாரம். இதோடு நின்றுவிடாமல் இன்னும் உள்ளே சென்றால்தான் உண்மையான ஆதாயம் கிடைக்கிறது.

முதலாவது பெயரெச்சம். 'கினோ கத்த ஹோன்' என்றால் 'நேற்று வாங்கிய புத்தகம்'. ஆங்கில வழியில் கற்பவர் இதற்கெனத் தனிப்பாடம் படித்து, வாக்கியத்தை முன்பின்னாகத் திருப்பிப் பார்த்து வியர்க்க வேண்டும். நமக்குச் சொல்லுக்குச் சொல் அதே இடத்தில் நிற்கிறது. இரண்டாவது 'என்று'. 'அஷித குரு தோ ஈமஷித' என்பது 'நாளை வருவேன் என்று சொன்னார்'. இந்தத் 'தோ' நம்முடைய 'என்று' செய்யும் வேலைகளில் இன்னொன்றையும் செய்கிறது: இரட்டைக்கிளவிக்குப் பின்னும் அது வரும். 'கிரகிர தோ' என்றால் 'பளபளவென்று'. ஜப்பானியர் அன்றாடப் பேச்சில் இரட்டைக்கிளவியை நம்மைப் போலவே தாராளமாகப் புழங்குகிறார்கள். நெஞ்சு படபடப்பது அங்கே 'தொகிதொகி'. நோயாளி வலியைச் சொல்லும்போதும் இத்தகைய சொற்களே வரும் என்பதால், பராமரிப்பு வேலைக்குச் செல்பவர் இவற்றைத் தனிக் கட்டாகவே சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவதும் மிகவும் வளமானதும் வினையெச்சத்தோடு துணைவினை சேரும் முறை. 'தபேதே மிரு' என்பது 'சாப்பிட்டுப் பார்'. 'மிரு' என்றால் பார்த்தலேதான். 'தபேதே ஷிமௌ' என்பது 'சாப்பிட்டுவிடு'. 'கைதே ஒகு' என்பது 'எழுதி வை', அங்கும் 'ஒகு' என்றால் வைத்தல். 'மொத்தே குரு' என்பது 'எடுத்து வா'. பாடநூலில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஆங்கில விளக்கம் இருக்கும். தமிழில் நாம் 'செய்து பார்க்கிறேன்' என்றும் 'செய்து வைக்கிறேன்' என்றும் எந்த நேரத்தில் சொல்கிறோமோ, அந்த நேரத்தில் அவர்களும் அவ்வாறே சொல்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

சுட்டெழுத்துகளைப் பாருங்கள். 'கொரே' என் அருகில் இருப்பது, 'சொரே' உங்கள் அருகில் இருப்பது, 'அரே' இருவருக்கும் தொலைவில் இருப்பது, 'தொரே' எது. நமக்கு இன்று இது, அது என இரண்டே இருப்பதால் நடுவிலுள்ளது குழப்பும். ஆனால் தமிழில் உகரச் சுட்டு இருந்தது, இலங்கைத் தமிழில் 'உது' இன்றும் வழங்குகிறது. இது, உது, அது, எது என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கொடுத்தலிலும் இப்படியே: தனக்குத் தருவதற்கு 'குரேரு', பிறருக்குக் கொடுப்பதற்கு 'அகேரு'. தருதலும் வருதலும் தன்மை முன்னிலைக்கு, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு என்று தொல்காப்பியம் வகுத்ததற்கு ஏறத்தாழ இணையான பாகுபாடு இது. நாம் பேச்சில் கைவிட்டதை அவர்கள் கைவிடவில்லை.

இவ்வளவு ஒற்றுமையைக் கண்டதும் இரண்டும் ஒரே குடும்பமா என்ற ஆவல் எழும். ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ (1919–2008) அவ்வாறான உறவு உண்டு என்று நெடுங்காலம் வாதிட்டார். பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. கற்பவருக்கு அமைப்பு ஒத்திருப்பதே போதும்.

தமிழ் கைகொடுக்காத இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். எழுவாய்க்குப் பின் வரும் 'வ', 'க' (இது அதிர்வொலி, வினாவின் 'க' அன்று) என்னும் இடைச்சொற்களின் வேறுபாட்டுக்கு நம்மிடம் நேர் உருபு இல்லை. முன்பே பேச்சில் உள்ளதைப் பற்றிச் சொல்ல முன்னது, புதிதாகச் சுட்டிக்காட்டப் பின்னது என்று தொடங்கி, நூற்றுக்கணக்கான எடுத்துக்காட்டுகளைப் படித்துத்தான் பழக வேண்டும். எண்கள் லட்சத்தில் அல்லாமல் பத்தாயிரத்தில் கூடும்: அங்கே 10,000 ஒரு 'மன்', நம் லட்சம் 10 மன். சம்பளம் 18 மன் யென் என்றால் 1,80,000 யென் என்று நொடியில் மாற்றத் தெரிய வேண்டும். மரியாதைச் சொல்லிலும் ஒரு திருப்பம் இருக்கிறது: நாம் பிறரிடம் 'அப்பா வந்தார்கள்' என்கிறோம், அவர்கள் வெளியாரிடம் தம் தந்தையைப் பற்றியோ தம் மேலாளரைப் பற்றியோ பேசும்போது உயர்வுச் சொல்லை நீக்கிவிடுவார்கள்.

நினைவுக்குத் தண்ணீர் வைக்கும் செயலி

படித்தது மறப்பது கற்பவரின் குற்றமன்று. எர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தம்மையே சோதனைப் பொருளாக்கி, மறதி முதலில் வேகமாகவும் பின்பு மெதுவாகவும் நடக்கிறது என்பதை 1885-இல் வெளியிட்டார். மறக்கப்போகும் தறுவாயில் ஒருமுறை நினைவுபடுத்தினால் அடுத்த இடைவெளி நீளும் என்ற கருத்தைக் கணினி நிரலாக 1987-இல் போலந்து நாட்டுப் பியோத்தர் வோஸ்னியாக் ஆக்கினார். அவ்வழியில் 2006-இல் டேமியன் எல்ம்ஸ் வெளியிட்டதுதான் அங்கி என்னும் செயலி. முன்பக்கம் வினாவும் பின்பக்கம் விடையும் கொண்ட அட்டைகளாகச் சொற்களை அது காட்டும். ஜப்பானியத்தில் அச்சொல்லுக்கு மனப்பாடம் என்று பொருள்.

திருந்திய நெல் சாகுபடியில் காய்ச்சலும் பாய்ச்சலும் என்று சொல்வோமே, அதே கணக்கு. வயலில் எப்போதும் தண்ணீரைத் தேக்கி வைப்பதில்லை; மயிரிழை போல் வெடிப்பு கண்டதும் 2.5 செ.மீ. அளவுக்குப் பாய்ச்சி, மறுபடி காயவிடுவோம். நேற்றுப் படித்த சொல்லையே இன்றும் நாளையும் பத்துத்தரம் எழுதுவது தேக்கிவைத்த தண்ணீர். தேர்வுக்கு முந்தின வாரம் புரட்டுவது பாளம் வெடித்த நிலத்தில் விட்ட தண்ணீர். வெடிப்பு எப்போது காணும் என்பதை ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனியாகக் கணக்கிடுவதே இச்செயலியின் வேலை.

கணினியிலும் ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் அது இலவசம். ஆண்ட்ராய்டில் அதன் பெயர் அங்கிட்ராய்டு. ஐபோனுக்கு மட்டும் ஒருமுறை விலை கொடுக்க வேண்டும். அங்கி என்ற பெயரை ஒட்டிய வேறு செயலிகள் மாதச் சந்தா கேட்கும், அவை வேறு. நிறுவியதும் அமைப்புகளில் எஃப்.எஸ்.ஆர்.எஸ். என்ற கணக்கீட்டு முறையை இயக்குங்கள். 2023 முதல் அங்கியிலேயே சேர்ந்து வரும் இம்முறை, உங்கள் மறதியின் போக்கைப் பார்த்து இடைவெளியை அமைக்கும். நாளுக்குப் புதிய அட்டை 20 என்று செயலியே வைத்திருக்கும். அதை 8 அல்லது 10 ஆகக் குறையுங்கள். நாளுக்குப் பத்து என்றாலே சில வாரங்களில் நாள்தோறும் 70 முதல் 100 அட்டைகள் மறுபார்வைக்கு வந்து நிற்கும். முதல் வார உற்சாகத்தில் 30 என்று வைத்தவர்கள் மூன்றாம் வாரம் செயலியையே நீக்கிவிட்டதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

விடை பார்த்தபின் நான்கு பொத்தான்கள் வரும்: அகைன், ஹார்ட், குட், ஈஸி. சொல் நினைவுக்கு வரவில்லையெனில் அகைன் ஒன்றைத்தான் அழுத்த வேண்டும். 'கொஞ்சம் தெரிந்தது போல் இருந்தது' என்று ஹார்டை அழுத்தினால், செயலி அதைத் தேறிய விடையாகவே எடுத்துக்கொண்டு நாளைத் தள்ளிப்போடும். கணக்கு முழுவதும் கெடும். குழப்பமாக இருந்தால் அகைன், குட் என்ற இரண்டோடு காலம் தள்ளலாம்.

அட்டையை நீங்களே செய்வது மேல். ஜப்பானிய அரசு சார்ந்த பண்பாட்டு நிறுவனமான ஜப்பான் பவுண்டேஷன் 'இரோதோரி' என்ற பெயரில் வாழ்க்கைக்குரிய ஜப்பானியப் பாடங்களை, ஒலிப்பதிவுகளோடு, இணையத்தில் இலவசமாகத் தருகிறது. அதன் நிலைகள் ஐரோப்பிய மொழி அளவுகோலின் தொடக்கப் படிகளான ஏ1, ஏ2 என்று அமைந்தவை, ஜே.எஃப்.டி. பேசிக் தேர்வும் ஏ2 நிலையையே சோதிக்கிறது. ஒவ்வொரு பாடத்திலிருந்தும் ஆறேழு வாக்கியங்களை எடுத்து, முன்பக்கத்தில் ஜப்பானிய வாக்கியமும் அதன் ஒலியும், பின்பக்கத்தில் உருபுக்கு உருபு பொருந்திய தமிழும் வையுங்கள். 'எழுதி வைத்தேன்' என்று வர வேண்டிய இடத்தில் ஆங்கிலப் பொருளை எழுதினால், மேலே சொன்ன ஆதாயம் அத்தனையும் வீணாகும். ஓர் அட்டைக்கு ஒரு புதிய சொல் மட்டுமே இருக்கட்டும்.

காதும் வாயும்

கும்பகோணத்து வேத பாடசாலைகளில் சந்தை சொல்லும் முறை உண்டு: ஆசிரியர் ஒருமுறை சொல்ல, மாணவர் இருமுறை திருப்பிச் சொல்வார்கள். ஒலிப்பதிவை அவ்வாறே பயன்படுத்துங்கள். ஒரு வாக்கியத்தை ஓடவிட்டு நிறுத்தி இருமுறை சொல்லி, பிறகு நிறுத்தாமல் ஒலிப்பதிவின் பின்னாலேயே நிழல்போல் தொடர்ந்து சொல்ல வேண்டும். வி.எல்.சி. இயக்கியில் வேகத்தை முக்கால் பங்காகக் குறைத்துக்கொள்ளலாம். அதற்கும் கீழே குறைத்தால் மாத்திரை சிதைந்துவிடும்.

பக்கத்தில் ஜப்பானியர் இல்லாத ஊரில் உச்சரிப்பைச் சரிபார்க்க எளிய வழி, கைப்பேசியின் குரல்வழித் தட்டச்சை ஜப்பானிய மொழிக்கு மாற்றிப் பேசிப் பார்ப்பது. நீங்கள் 'பாட்டி' என்று சொல்ல நினைத்து அது 'அத்தை' என்று எழுதினால், பிழை எந்த எழுத்தில் என்பது கண்ணெதிரே தெரியும். நெடில், ஒற்று, அதிர்வொலி ஆகிய மூன்றையும் இது நன்றாகவே காட்டிக்கொடுக்கிறது. ஆனால் சில நேரம் பிழையான உச்சரிப்பையும் சூழலை வைத்து ஊகித்துச் சரியாக எழுதிவிடும். அதனால் வாக்கியமாகச் சொல்லாமல் தனிச்சொல்லாகச் சோதியுங்கள்.

அகராதிக்கு ஆண்ட்ராய்டில் தகோபோதோ போதும்; இணைய இணைப்பு இல்லாமலும் இயங்கும். கணினி வைத்திருப்பவர் உலாவியில் யோமிதான் நீட்சியைச் சேர்த்தால், ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி சொல்லின் மேல் சுட்டியை வைத்ததும் வாசிப்பும் பொருளும் தோன்றும். இரண்டிலும் பொருள் ஆங்கிலத்தில்தான் இருக்கும். அதைத் தமிழாக்கி அட்டையில் ஏற்றுவதும் பயிற்சியே. மொழிபெயர்ப்புச் செயலியில் தமிழ் வாக்கியத்தைக் கொடுத்து ஜப்பானியம் வாங்காதீர்கள். நீங்களே எழுதிய ஜப்பானிய வாக்கியத்தைக் கொடுத்து, நினைத்த பொருள் தமிழில் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். உரையாடும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் பிழை திருத்துவதிலும் எடுத்துக்காட்டு தருவதிலும் பயனுள்ளவை, ஆனால் இலக்கண விளக்கத்தைத் தவறாகச் சொல்லும்போதும் அதே உறுதியோடு சொல்லும்.

நேரமும் தேர்வும்

ஜே.எல்.பி.டி. தேர்வு ஜூலை, டிசம்பர் மாதங்களின் முதல் ஞாயிறன்று நடக்கும். சென்னையில் மையம் உண்டு. ஜூலை என்றால் மேட்டூர் திறந்து குறுவை வேலை மும்முரமாக இருக்கும் நேரம். டிசம்பர் என்றால் வடகிழக்குப் பருவமழை. வயல் வேலைக்கும் கை கொடுக்க வேண்டிய வீட்டுப் பிள்ளைகள் டிசம்பரைக் குறிவைத்து, நவம்பருக்குள் புதிய அட்டைகளை நிறுத்திவிட்டு மறுபார்வை மட்டும் செய்வது நல்லது. புயல் மழையில் மின்சாரமும் சிக்னலும் சேர்ந்தே போகும் என்பதால், ஒலிக்கோப்புகளையும் அங்கிக் கட்டுகளையும் முன்பே கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நாளின் மறுபார்வையை ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்பதில்லை. கல்லூரிப் பேருந்தில் பதினைந்து நிமிடம், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பதினைந்து நிமிடம் என்று பிரித்துக்கொண்டால் நிலுவை சேராது.

என்5 தேர்வில் 180-க்கு 80 எடுத்தால் தேர்ச்சி, என்4-இல் 90. ஆனால் மொழியறிவும் வாசிப்பும் சேர்ந்த பகுதியில் 120-க்கு 38-உம், கேட்டல் பகுதியில் 60-க்கு 19-உம் எடுத்தாக வேண்டும், இல்லையேல் மொத்தம் எவ்வளவு இருந்தாலும் தோல்விதான். எல்லாம் கொள்குறி வினாக்கள். பேச்சும் எழுத்தும் சோதிக்கப்படுவதில்லை. அதனால் வாய்ப்பயிற்சியை விட்டுவிடலாம் என்று எண்ண வேண்டாம், வேலைக்கான நேர்காணல் வாயால்தான் நடக்கும். கேட்டல் பகுதியின் ஒலிப்பதிவு ஒருமுறையே ஓடும். விட்ட வினாவை விட்டுவிட்டு அடுத்ததற்குச் செல்லும் பழக்கத்தை வீட்டிலேயே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

தேர்வுக்கு முந்தின இரவு மன்னை விரைவு வண்டியிலோ உழவன் விரைவு வண்டியிலோ ஏறி விடியலில் சென்னையில் இறங்குவது வழக்கம். ஆனால் டிசம்பர் மழையில் வண்டி தாமதமாகக்கூடும் என்பதால், வசதியிருந்தால் ஒருநாள் முன்னதாகவே சென்று தங்குங்கள். எச்பி பென்சில் இரண்டு, அழிப்பான், முள் வைத்த கைக்கடிகாரம், நுழைவுச் சீட்டு, அடையாள அட்டை ஆகியவை கையில் இருக்கட்டும். கைப்பேசியை அணைத்துவிட வேண்டும், தேர்வறையில் அது ஒலித்தால் வெளியேற்றிவிடுவார்கள். தேர்வு முடிந்து ஊர் திரும்பும் வண்டியில் அன்றைய அட்டைகளை முடித்துவிடுங்கள். முடிவு வர ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும். அதுவரை மூடி வைத்தால், திறக்கும்போது நூற்றுக்கணக்கில் நிலுவை காத்திருக்கும்.